அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது? மென்பொருள் வடிவமைப்புக்கு ஓர் எளிய படமொழி

வொயிட்போர்டில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ‘முன்பதிவு’, இன்னொன்றில் ‘கட்டணம்’. முன்பதிவிலிருந்து கட்டணத்துக்கு ஓர் அம்பு. இந்தப் படத்தை ஐந்து பேரிடம் காட்டி, அம்புக்கு என்ன அர்த்தம் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். முன்பதிவு கட்டணத்தை அழைக்கிறது என்று ஒருவர் எழுதுவார். தகவல் இங்கிருந்து அங்கே போகிறது என்பார் இன்னொருவர். முதலில் முன்பதிவு, பிறகு கட்டணம் என்று காலவரிசையாகப் படிப்பவரும் இருப்பார். முன்பதிவின் நிரல் கட்டணத்தின் லைப்ரரியைச் சார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்வதிலும் தப்பில்லை. நான்குமே நியாயமான வாசிப்புகள். வரைந்தவர் மனதில் இருந்தது என்னவோ ஒன்றுதான்.

எளிமையான ஒரு குறிமுறை வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும், மென்பொருளைப் படமாக வரைவதற்கான தரப்படுத்தப்பட்ட மொழியான யூ.எம்.எல்லை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்க்கிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. ஒரு குறியை நீக்கிவிட்டால் அது சொல்லிவந்த விஷயம் இல்லாமல் போய்விடுவதில்லை. கோட்டின் மேல் எழுதும் சொல்லுக்கு அது இடம் மாறும். அங்கேயும் இடம் தராவிட்டால் படிப்பவரின் ஊகத்துக்குப் போய்ச் சேரும். மேலே சொன்ன இரண்டு பெட்டிப் படத்தைவிடக் குறைவான குறிகளில் ஒரு படம் வரைய முடியாது. ஆனால் அது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எத்தனை குறிகள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, படிப்பவர் எத்தனை இடங்களில் ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

யூ.எம்.எல்லைக் குறைசொல்லும் முன் அது ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு குறிமுறை இருந்தது. கிரேடி பூச், நிரலின் அலகுகளான வகுப்புகளை (கிளாஸ்) மேக வடிவத்தில் வரைந்தார். ஜேம்ஸ் ரம்பாவின் ஓ.எம்.டி. என்ற முறை பெட்டிகளைப் பயன்படுத்தியது, ஐவர் ஜேக்கப்சன், பயனர் அமைப்பை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று காட்டும் யூஸ் கேஸ்களைக் கொண்டுவந்தார். மூவரும் ராஷனல் நிறுவனத்தில் சேர்ந்து ஒன்றாக்கிய மொழிதான் யூ.எம்.எல். அதை 1997இல் ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு தரமாக ஏற்றது. எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் எதையும் விடமுடியாது. 2017இல் வந்த 2.5.1 பதிப்பு 14 வகைப் படங்களுடன் சுமார் 800 பக்கம். 2013இல் மரியன் பெட்ரே வெளியிட்ட ஆய்வில், அவர் பேட்டி கண்ட 50 மென்பொருள் வல்லுநர்களில் 35 பேர் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்றார்கள்.

இதற்குப் பக்கங்களின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. யூ.எம்.எல்லில் புள்ளிக்கோடு எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்: ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பது, இன்டர்ஃபேஸை (என்னென்ன செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தை) நிறைவேற்றுவது, யார் யாரை எந்த வரிசையில் அழைக்கிறார் என்று காட்டும் சீக்வென்ஸ் படத்தில் திரும்பி வரும் பதில், குறிப்புத்தாளைப் பொருளோடு இணைப்பது. நான்கு வேலைகளுக்கு ஒரே கோடு. வித்தியாசமெல்லாம் முனையில் இருக்கும் சின்ன முக்கோணத்திலோ அம்புத் தலையிலோதான். உள்ளே நிரப்பாத சாய்சதுரம் என்று ஒன்று உண்டு. அதன் துல்லியமான பொருள் பயன்படுத்தும் துறையையும் வரைபவரையும் பொறுத்து மாறும் என்று தர ஆவணமே சொல்கிறது. ஒரு குறிக்கு ஒரே பொருள், ஒரு பொருளுக்கு ஒரே குறி என்ற விதியை டேனியல் மூடி 2009இல் காட்சிக் குறிமுறைகளுக்கான கோட்பாடுகளில் ஒன்றாக வைத்தார். புதிதாக ஒன்றை உருவாக்கும்போது இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆறு குறிகள்

குறிகளைத் தேர்ந்தெடுக்கும் முன், படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். ‘எங்கள் அமைப்பின் கட்டமைப்பு’ என்பது கேள்வி இல்லை. ‘கட்டணச் சேவை பத்து நிமிடம் நின்றுபோனால் எது எதெல்லாம் நிற்கும்?’ என்பது கேள்வி. ஓடும் அமைப்பைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சிலவே. எது தனியாக ஓடுகிறது, எது நின்றாலும் தகவல் எங்கே தங்குகிறது, எது நம் கையில் இல்லை, எவை சேர்ந்து விழும், யார் யாரைக் கேட்கிறார், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரா. ஆறு கேள்விகள், ஆறு குறிகள்.

பெட்டி: தனியாகத் தொடங்கவும் நிறுத்தவும் முடிகிற, நாம் எழுதிய நிரல். வகுப்போ ஃபங்ஷனோ பெட்டி ஆகாது.

உருளை: நிரல் எல்லாம் நின்றாலும் தகவல் அழியாமல் இருக்கும் இடம். டேட்டாபேஸ், ஃபைல் சேமிப்பு, டிஸ்க்கில் எழுதும் செய்தி க்யூ (செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) எல்லாம் இதில் அடக்கம்.

வட்டம்: நம் கட்டுப்பாட்டில் இல்லாதது. ஆளாக இருக்கலாம், வேறு நிறுவனத்தின் ஏபிஐயாக (நம் நிரல் அழைக்கும் அவர்களுடைய வாயிலாக) இருக்கலாம்.

நாக்கு வைத்த சட்டகம்: ஃபைல் அட்டையைப் போல இடது மேல் மூலையில் பெயர் எழுத ஒரு நாக்கு. உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்தே விழும் என்று அர்த்தம்.

முழுக்கோடு: கேட்பவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

புள்ளிக்கோடு: சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறார்.

க்யூவுக்குத் தனிக் குறி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அநேகமாக உருளையைப் படுக்கவைத்து வரையலாம் என்பார்கள். நின்ற உருளைக்கும் படுத்த உருளைக்கும் வித்தியாசம் திசை ஒன்றுதான். கையால் அவசரமாக வரையும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உருளைக்கு ‘நின்றாலும் அழியாது’ என்ற ஒரே பொருளை வைத்திருப்பதால், மெமரியில் மட்டும் இருக்கும் க்யூவை உருளையாக வரைய முடியாது. அது பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். சர்வர் மறுபடி தொடங்கினால் அதில் நின்ற செய்திகள் போய்விடும் என்பது படத்திலேயே தெரிந்துவிடுகிறது. க்யூவுக்கென்று தனிக் குறி இருந்திருந்தால் அழியும் க்யூவும் அழியாத க்யூவும் ஒரே முகத்தோடு நின்றிருக்கும். குறியைப் பொருளின் பெயருக்குக் கொடுக்காமல் நடத்தைக்குக் கொடுப்பதில் கிடைக்கும் லாபம் இது.

சட்டகத்தில்தான் அதிகமான படங்கள் கெட்டுப்போகின்றன. ஒரு சட்டகம் ‘இந்தக் குழுவின் பொறுப்பு’, பக்கத்துச் சட்டகம் ‘இந்த சர்வரில் இருப்பவை’, அதற்குள் இன்னொன்று ‘இந்த நிரல் தொகுப்பு’. மூன்றும் ஒரே தாளில் இருந்தால் எது எதற்குள் அடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சேர்ந்து விழுபவை என்ற பொருளைத் தேர்ந்தெடுக்கக் காரணம், கோளாறு வந்த நேரத்தில் அதுதான் உதவுகிறது. குழுப் பொறுப்பு தெரிய வேண்டுமென்றால் பெட்டியின் பெயருக்குக் கீழே குழுவின் பெயரை எழுதினால் போதும்.

நிறத்தைக் குறிகளில் சேர்க்கவில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் நிறம் யாருக்குமே தெரியாது. எழுதியதையே இன்னொரு முறை அழுத்திக் காட்ட நிறத்தைப் பயன்படுத்தலாம். நிறம் மட்டுமே சொல்லும் செய்தி என்று ஒன்று இருக்கக் கூடாது.

அம்பின் திசை

இந்தக் குறிமுறையில் பிடிவாதமாகக் காக்க வேண்டிய விதி இதுதான்: யார் தொடங்குகிறாரோ அவரிடமிருந்து அம்பு புறப்படும். தகவல் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் சரி.

க்யூவை எடுத்துக்கொள்வோம். முன்பதிவுச் சேவை ஒரு செய்தியைப் போடுகிறது. அறிவிப்புச் சேவை அதை எடுத்து மெயில் அனுப்புகிறது. கை பழக்கத்தில் முன்பதிவு → க்யூ → அறிவிப்பு என்று வரைந்துவிடும். ஆனால் அறிவிப்புச் சேவைதான் க்யூவின் முகவரியை வைத்திருக்கிறது. பாஸ்வேர்டும் அதனிடம்தான் இருக்கிறது; இணைப்பைத் திறப்பதும் அதுவே. க்யூவின் முகவரி மாறினால் உடைவது அறிவிப்புச் சேவை. அறிவிப்புச் சேவை இடம் மாறினால் க்யூவுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே இரண்டாவது அம்பு அறிவிப்பிலிருந்து க்யூவைப் பார்த்துப் போக வேண்டும். மேலே ‘செய்தியை எடு’ என்று எழுத வேண்டும். வினைச்சொல்லே தகவல் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லிவிடுகிறது: எடு, கொடு, போடு, கேள், சொல்.

திசைக்கு இந்த ஒரு பொருளை மட்டும் கொடுத்துவிட்டால், ஃபயர்வாலில் எந்தப் பக்கம் திறக்க வேண்டும், யாருக்கு எந்த பாஸ்வேர்டு தேவை, எதை மாற்றினால் எது உடையும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே அம்பு பதில் தருகிறது. வெளியிலிருக்கும் கட்டண நிறுவனம் பணம் வந்ததும் நம்மை அழைத்துச் சொல்கிறது என்றால் அம்பு வட்டத்திலிருந்து பெட்டிக்கு வரும். அப்படி ஓர் அம்பு வந்தாலே, நம் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது, வருபவர் உண்மையானவரா என்று சரிபார்க்க வேண்டும் என்று பொருள். வட்டத்திலிருந்து புறப்படும் அம்புகளை மட்டும் எண்ணினால் பாதுகாப்புச் சோதனையின் முதல் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

இரண்டு முனையிலும் தலை வைத்த அம்பைத் தடைசெய்துவிடுங்கள். ‘இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள்’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அதை இரண்டு தனி அம்புகளாகப் பிரிக்கும் நேரத்தில்தான், பல சமயம், இரண்டாவது அம்பு வெறும் பதில் என்று தெரியவரும். பதிலுக்கு அம்பு கிடையாது. முழுக்கோடு என்றாலே பதில் வரும் என்றுதான் அர்த்தம்.

முழுக்கோட்டின் மேல் வினைச்சொல்லோடு ஓர் எண்ணும் எழுத வேண்டும்: எவ்வளவு நேரம் காத்திருப்பார். அளவே வைக்கவில்லை என்றால் ‘வரம்பில்லை’ என்று எழுதுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரு சங்கிலியை வரைந்து பாருங்கள். வலைப்பக்கம் முன்பதிவைக் கேட்டு 3 நொடி காத்திருக்கிறது. முன்பதிவு கட்டணத்தைக் கேட்டு 5 நொடி காத்திருக்கிறது. நாலாவது நொடியில் பதில் வந்தால் என்ன நடக்கும்? வலைப்பக்கம் ஏற்கெனவே ‘முடியவில்லை’ என்று காட்டிவிட்டது. உள்ளே பணம் எடுக்கப்பட்டுவிட்டது. பயனர் பொத்தானை மறுபடி அழுத்துவார். அம்பு போகும் திசையில் எண்கள் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பதுதான் சோதனை. மறுமுயற்சி இருந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: ஒரு முயற்சிக்கு 1 நொடி, மேற்கொண்டு 2 மறுமுயற்சி என்றால் அந்தக் கோட்டின் உண்மையான எண் 3. முயற்சிகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரம் இருந்தால் அதையும் கூட்டுங்கள். நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் மூன்று வேறு கான்ஃபிக் ஃபைல்களில் ஒளிந்திருக்கும் இந்த எண்கள் ஒரே தாளில் வந்து நின்றால் தப்பு கண்ணில் படும்.

வரிசை தெரிய வேண்டிய இடத்தில் அம்புகளின் மேல் 1, 2, 3 என்று எண் போடலாம். ஒன்பதைத் தாண்டினால் கண் தாளெங்கும் தேடத் தொடங்கிவிடும். அப்போது சீக்வென்ஸ் படத்துக்குப் போய்விடுவது நல்லது. யூ.எம்.எல். கொண்டு வந்தவற்றில் சீக்வென்ஸ் படம் நன்றாகவே வேலை செய்கிறது. அதை மாற்றி வடிவமைக்க வேண்டிய அவசியமில்லை.

வரையாமல் விட்டது தெரிய வேண்டும்

படங்களுக்கென்று ஒரு குணக்கேடு உண்டு. இல்லாத அம்பு கண்ணுக்குத் தெரியாது. யோசித்து வேண்டாமென்று விட்டதும், யோசிக்கவே மறந்ததும், வெறும் வெள்ளைத்தாளாக ஒரே மாதிரி இருக்கும். இதனால் அதிகம் அடிபடுவது நிலைமாற்றங்களைக் காட்டும் படம்.

ஓர் இருக்கைக்கு மூன்று நிலைகள்: காலி, பிடித்தது (பணம் வரும்வரை ஒருவருக்காக ஒதுக்கியது), விற்றது. நான்கு நிகழ்வுகள்: பிடி, பணம் வந்தது, நேரம் முடிந்தது, ரத்து. படமாக வரைந்தால் ஐந்து அம்புகள் வரும். காலியிலிருந்து பிடித்ததற்கு ஒன்று. பிடித்ததிலிருந்து பணம் வந்ததும் விற்றதற்கு ஒன்று. நேரம் முடிந்தாலோ ரத்தானாலோ பிடித்ததிலிருந்து காலிக்கு இரண்டு. விற்றதை ரத்து செய்தால் காலிக்கு ஒன்று. படம் அழகாக, முழுமையாகத் தெரியும்.

இதையே அட்டவணையாகப் போடுங்கள். நிலைகள் வரிசையில், நிகழ்வுகள் பத்தியில். 3 பெருக்கல் 4, ஆக 12 கட்டங்கள். ஐந்து நிரம்பிவிட்டன, ஏழு காலி. அந்த ஏழையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘பிடித்தது’ நிலையில் இன்னொரு ‘பிடி’ வந்தால் மறுக்க வேண்டும். ‘விற்றது’ நிலையில் ‘பணம் வந்தது’ மறுபடி வந்தால் அது இரட்டைச் செய்தியாக இருக்கலாம். அதே கட்டணமா என்று பார்த்துவிட்டுப் புறக்கணிக்க வேண்டும். ‘விற்றது’ நிலையில் ‘நேரம் முடிந்தது’ வந்தால், டைமரை நிறுத்த மறந்திருக்கிறோம். இருக்கையைக் காலியாக்கிவிடக் கூடாது. எல்லாவற்றிலும் மோசமானது ‘காலி’ நிலையில் ‘பணம் வந்தது’. நேரம் முடிந்து இருக்கை விடுவிக்கப்பட்டுவிட்டது, அதன்பின் தாமதமாகப் பணம் வந்து சேர்கிறது. திருப்பித் தருவதா, இருக்கையைக் கொடுத்துவிடுவதா? அதற்குள் வேறொருவர் அதைப் பிடித்திருந்தால், ‘பிடித்தது’ நிலையில் வந்த பணம் பிடித்தவருடையதுதானா என்று எப்படித் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடினால், ஒவ்வொரு பிடிப்புக்கும் தனி எண் வேண்டும், கட்டணச் செய்தி அந்த எண்ணோடு வர வேண்டும் என்று வடிவமைப்பே மாறுகிறது. ஐந்து அம்புப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தோன்றாது.

ஆகவே நிலைமாற்றத்துக்கு இந்தக் குறிமுறையில் படம் கிடையாது, அட்டவணைதான். கட்டத்தில் வரக்கூடியவை நான்கு: போகும் நிலையின் பெயர், புறக்கணிக்கச் சிறுகோடு, மறுக்கப் பெருக்கல் குறி, இன்னும் யோசிக்கவில்லை என்றால் வெற்றிடம். வெற்றிடம் இருக்கும்வரை வடிவமைப்பு முடியவில்லை. நிலைகள் எட்டு, பத்து என்று பெருகினால் அட்டவணை பெரிதாகும்தான். அப்போது நிலைகளுக்குள் நிலைகளை அடுக்கும் முறை தேவைப்படும். டேவிட் ஹேரல் 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் அதற்கென்றே வந்தது.

எழுத்து வடிவம்

வொயிட்போர்டில் வரைந்தது அழிந்துவிடும். வரைகருவியில் சேமித்த படத்தில் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று பார்ப்பது சிரமம். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் நிரலோடு இருக்க வேண்டுமென்றால் படத்துக்கு எழுத்து வடிவம் வேண்டும். ஒரு வரிக்கு ஒரு விஷயம் என்று வைத்தால் இப்படி இருக்கும்:

பெட்டி முன்பதிவு
உருளை இருக்கைப்பதிவு
வட்டம் கட்டணவாயில்
முன்பதிவு -> இருக்கைப்பதிவு : இருக்கையைப் பிடி, 1 நொடி
கட்டணவாயில் ..> முன்பதிவு : பணம் வந்ததைச் சொல்

இதை எழுத்தைப் படமாக்கும் கருவிகளான கிராஃப்விஸ், மெர்மெய்ட், பிளாண்ட்யூ.எம்.எல். ஆகியவற்றில் ஒன்றின் வடிவத்துக்கு மாற்றிப் படமாக்கலாம். மாற்றும் நிரல் பெரிதாக இருக்காது. ஆனால் ஒரு சோதனையை அதில் கட்டாயம் சேருங்கள். கிராஃப்விஸிலும் மெர்மெய்டிலும், அறிவிக்காத ஒரு பெயரை அம்பில் எழுதினால் அந்தப் பெயரில் புதிய பெட்டி ஒன்று தானாக முளைத்துவிடும். ‘இருக்கைப்பதிவு’ என்பதை ஓரிடத்தில் ‘இருக்கைபதிவு’ என்று ஒற்று விட்டு எழுதினால் படத்தில் இரண்டு தனி இடங்கள் வந்து நிற்கும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. அறிவிக்காத பெயர் வந்தால் நிறுத்திவிட வேண்டும். வினைச்சொல் இல்லாத அம்பையும், நேரம் எழுதாத முழுக்கோட்டையும் அப்படியே மறுத்துவிடலாம்.

தானாக அமையும் படத்தில் ஒரு தொல்லை உண்டு. ஓர் அம்பைச் சேர்த்தால் எல்லாப் பெட்டிகளும் இடம் மாறிவிடும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுப் படம். வட்டங்களை மேல் வரிசையிலும் உருளைகளைக் கீழ் வரிசையிலும் கட்டிவைத்துவிட்டால் இந்த அலைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

வைத்துப் பார்ப்பது

குறிமுறை தயார் என்று தோன்றியதும், அதை உருவாக்காத ஐந்து பேரிடம் ஒரு படத்தைக் கொடுங்கள். விளக்கக் குறிப்பு வேண்டாம். ‘இந்த உருளை நின்றுபோனால் பயனர் எதைக் காண்பார்?’ என்பது போன்ற ஆறு கேள்விகள் போதும். பதில் சரியா தப்பா என்பதோடு, தப்பு எந்தக் குறியில் விழுந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் வழுக்கினால் குற்றம் குறியின் மேல். பிறகு ஒற்றை நிற மார்க்கரைக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் அவர்களையே வரையச் சொல்லுங்கள். படிக்க முடிந்த பலருக்கு வரைய முடியாமல் போகும், குறிப்பாக எதைப் பெட்டியாக எடுப்பது என்பதில். கடைசியாக, ஒருவர் படத்தைத் தொலைபேசியில் வாய்ச்சொல்லாகச் சொல்ல இன்னொருவர் வரைய வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், கோட்டிலோ வடிவத்திலோ இல்லாமல் தாளில் வைத்த இடத்தில் ஏதோ ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது.

சில மாதங்களில் ஏழாவது குறி கேட்டு வருவார்கள். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் தடித்த கோடு, அந்த ஒரு சேவைக்கு மட்டும் நட்சத்திரம். சொல்லால் சொல்லிவிட முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியவில்லை, ஒரே தப்பான வாசிப்பு மூன்று முறையாவது வந்திருக்கிறது என்றால் மட்டும் சேர்க்கலாம். சேர்க்கும்போது இருப்பதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். கடுமையான விதிதான். இது இல்லாமல் ஆறு பன்னிரண்டாவதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஆறு குறிகளின் பொருளும், படம் எந்தக் கேள்விக்கானது என்பதும், வரைந்த தேதியும் இருக்கட்டும். ஆறு என்பதால் அந்த மூலையில் அடங்கிவிடும்.

இந்தக் குறிமுறை போகக் கூடாத இடமும் உண்டு. மாதிரியிலிருந்தே நிரலை உருவாக்கும் வேலைகளில், அதிலும் கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் மென்பொருளில், ஒவ்வொரு குறிக்கும் இயந்திரம் நிறைவேற்றும் அளவுக்குக் கறாரான பொருள் தேவை. ‘செய்தியை எடு’ என்ற தமிழ் வரியை அங்கே யாரும் நிரலாக்க முடியாது. அங்கே யூ.எம்.எல்லின் நிலைமாற்றப் படமான ஸ்டேட் மெஷினையோ அந்தக் கருவிக்கென்று வரையறுத்த மொழியையோதான் எடுக்க வேண்டும். அதன் நூற்றுக்கணக்கான பக்கங்களையும் சேர்த்தே.